பாவைக்கு உயிர் தந்த பாவை

நாடக மேடையில் தோன்றும் பாத்திரங்கள் இருவகையின. ஒரு புலவர் தம் கற்பனையிலே படைத்து எழுத்தில் வடித்து வைத்த பாத்திரங்கள் ஒரு வகை. இன்னார்தாம் படைத்தார் என்று சொல்ல இயலாமல், தலைமுறை தலைமுறையாக நடிகரின் உடலிலும் குரலிலும் வாழ்ந்து வரும் பாத்திரங்கள் மற்றொரு வகை. முன்னதற்கு ஏடு காவலாக நிற்கிறது. பின்னதற்குக் காவல் யாது? ஒருவர் கற்று மற்றொருவருக்குக் கற்பித்தால் அது வாழும். இடையே ஒரு தலைமுறை மறந்தால் மாண்டுபோகும்.

இவ்விரண்டாம் வகைப் பாத்திரங்களுள் ஐரோப்பாவில் நெடுங்காலம் வாழ்ந்தவை, இத்தாலி நாட்டுக் 'காமெடியா டெல் ஆர்ட்டே' என்னும் நாடகத்தின் பாத்திரங்களாகும். அவை ஒரு நடனப் பெண்மணியின் வாழ்விலே எவ்வாறு புகுந்தன, அவரிடம் எதைப் பெற்றன, அவருக்கு எதைத் தந்தன என்பதை இன்று காண்போம். அப்பெண்மணி, ருஷ்ய நாட்டுப் பாலே நடனக் கலைஞர் தமாரா கர்சாவினா.

முதலில் அந்நாடகத்தின் பிறப்பைச் சிறிது அறிந்துகொள்ளுதல் வேண்டும். 'ஆர்ட்டே' என்னும் சொல் இங்கே தொழிலைக் குறிக்கும். தொழில்முறை நடிகரின் நாடகம் என்பது பொருள். 1545ஆம் ஆண்டு பிப்ரவரி 25ஆம் நாள், பதுவா நகரில் எட்டு நடிகர்கள் கூடி ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொண்டனர். வரும்படியைப் பங்கிட்டுக்கொள்வது, தட்டுமுட்டுப் பொருள்களைச் சுமக்கப் பொதுவில் ஒரு குதிரை வாங்குவது, எவரேனும் நோயுற்றால் குழுவின் பணத்திலிருந்து உதவுவது என்பன அதிலுள்ள விதிகளுட் சில. நமக்குத் தெரிந்த அளவில் ஐரோப்பியத் தொழில்முறை நாடகக் குழுவின் மிகப் பழைய ஒப்பந்தம் அதுவே. ஒரு பெருங்கலை ஒரு குதிரைக்காகக் கூட்டுச் சேர்ந்த எளியோரிடமிருந்து தோன்றிற்று என்பதை மாணவர்கள் மனத்திற் கொள்ளவேண்டும்.

இந்நடிகர்கள் உரையாடலை எழுதி மனப்பாடம் செய்வதில்லை. கதையின் போக்கு மட்டும் சில வரிகளில் குறிக்கப்பட்டு மேடைக்குப் பின்னே தொங்கும். அதைப் பார்த்துக்கொண்டு உள்ளே நுழைபவர், பேச்சையும் சேட்டையையும் அவ்வப்போது தாமே கட்டிக்கொள்வார். 1611ஆம் ஆண்டில் பிளாமினியோ ஸ்காலா என்பவர் இத்தகைய கதைக்குறிப்புகள் ஐம்பதைத் தொகுத்து அச்சிட்டார். அந்நூலைப் புரட்டுவோர்க்கு நாடகத்தின் எலும்புக்கூடு கிடைக்கும். தசையும் குருதியும் நடிகரோடு போயின.

எழுதாத நாடகம் குழப்பமின்றி நடப்பது எவ்வாறு? அதற்காகவே நிலைப்பாத்திரங்கள் ஏற்பட்டன. கதை எதுவாயினும் பாத்திரங்கள் மாறுவதில்லை. வெனிஸ் நகரத்துக் கஞ்ச வணிகன் பாண்டலோனே. பொலோனா நகரத்துப் பட்டம் பெற்று, பொருளற்ற இலத்தீன் மொழியைப் பொழியும் பண்டிதன் தொத்தோரே. வாய்வீச்சிலே வீரனாகி வாளோசை கேட்டதும் ஓடி ஒளியும் படைத்தலைவன் கப்பித்தானோ. பல வண்ணத் துணிகளை ஒட்டுப்போட்டு அணிந்த வேலைக்காரன் ஆர்லெக்கினோ. வளைந்த மூக்குடைய நேப்பிள்ஸ் நகரத்துப் புல்சினெல்லா. இவர்கள் தோல் முகமூடி அணிந்து வருவர்.

இப்பட்டியலைச் சற்று ஊன்றி நோக்கினால் அக்கால இத்தாலியின் வரலாறே தெரியவரும். வெனிஸ் வணிகத்திற்கும் பொலோனா பல்கலைக்கழகத்திற்கும் பெயர் பெற்றவை. அந்நாளில் இத்தாலியின் பெரும் பகுதியில் ஸ்பானியப் படைகள் தங்கியிருந்தன. வறண்ட பெர்காமோ மலைநாட்டிலிருந்து கூலிவேலை தேடி மக்கள் வெனிசுக்கு வந்து குவிந்தனர், ஆர்லெக்கினோ அம்மலைநாட்டான். பணம், படிப்பு, படை என்னும் மூன்று செருக்குகளையும் பசித்த வேலைக்காரன் ஒருவன் தன் அறிவினால் கவிழ்த்துவிடுவதே இந்நாடகங்களின் அடிப்படை. காதலர் இருவரை முதியோர் தடுப்பர். வேலைக்காரர் சூழ்ச்சி செய்து சேர்த்து வைப்பர்.

முகமூடி அணியாத பாத்திரங்களும் உண்டு. காதலனும் காதலியும் அத்தகையோர். காதலியின் பணிப்பெண்ணும் பெரும்பாலும் தன் முகத்தோடே வருவாள். இவளே பிற்காலத்தில் கொலம்பைன் என்று உலகப் புகழ் பெற்றவள். சுற்றிலும் முகமூடிகள் ஆடும்போது ஒரு முகம் மட்டும் தெரியுமாயின், அவையோரின் கண் அங்கேதானே செல்லும்!

இன்னொரு செய்தியும் குறிப்பிடத்தக்கது. இங்கிலாந்தில் 1660ஆம் ஆண்டு வரை பொதுமேடைகளில் பெண் வேடங்களைச் சிறுவரே தாங்கினர். இத்தாலியிலோ, 1564ஆம் ஆண்டு ரோமாபுரியில் எழுதப்பட்ட ஒரு நாடகக் குழு ஒப்பந்தத்திலேயே சியன்னா நகரத்து லுக்ரேசியா என்னும் பெண்ணின் பெயர் காணப்படுகிறது. அவ்வழியில் வந்தவர்களுள் தலைசிறந்தவர் இசபெல்லா ஆண்ட்ரேனி. 1562இல் பதுவாவில் பிறந்த அவர் நடிகர் மட்டுமல்லர், கவிஞருமாவார். 1588இல் அவர் எழுதிய முல்லைநில நாடகம் ஒன்று அச்சேறியது. கற்றோர் கழகம் ஒன்று அவரை உறுப்பினராக்கிப் பெருமை கொண்டது. 1589இல் பிளாரன்ஸ் நகரில் மெதிச்சி மன்னர் திருமணத்தின்போது அவர் காதலால் பித்தேறிய பெண்ணாக நடித்ததைக் கண்டோர் வியந்து எழுதி வைத்துள்ளனர். 1604இல், பிரான்சிலிருந்து திரும்பும் வழியில் லியோன் நகரில், மகப்பேற்றுத் துன்பத்தால் மாண்டார். கணவர் பிரான்செஸ்கோ மேடையைத் துறந்து, மனைவியின் எழுத்துகளை வெளியிடுவதில் எஞ்சிய காலத்தைச் செலவிட்டார். அதன் பின்னர், காதலி வேடத்திற்கே 'இசபெல்லா' என்ற பெயர் வழங்கலாயிற்று. ஒரு பெண்ணின் வாழ்வு ஒரு நிலைப்பாத்திரமாக உறைந்தது!

முந்நூறு ஆண்டுகளுக்குப் பின்னர் இதன் மறுபுறம் நிகழ்ந்தது. உறைந்து கிடந்த பாத்திரங்கள் வேறொரு பெண்ணின் வாழ்வில் உருகி ஓடின. அதற்கு அவை இத்தாலியிலிருந்து ருஷ்யாவுக்குச் செல்லவேண்டியிருந்தது.

அப்பயணம் நெடியது. இத்தாலிய நடிகர்கள் பாரிஸ் நகரில் நிலைபெற்று, 1697இல் பதினான்காம் லூயி மன்னனால் வெளியேற்றப்பட்டு, அவன் மறைந்தபின் 1716இல் மீண்டும் அழைக்கப்பட்டனர். பேரரசி அன்னாவின் காலத்தில், 1733ஆம் ஆண்டு, இத்தாலியக் குழு ஒன்று ருஷ்ய நாட்டுக்கு வந்து சேர்ந்தது. பின்னர், ஆர்லெக்கினோ 'ஹார்லெக்வின்' என்ற பெயரில் பீட்டர்ஸ்பர்க் நகரத்துச் சந்தைக் கொட்டகைகளில் ஊமை நாடகம் ஆடினான். புல்சினெல்லாவின் வழிவந்த கைப்பாவை ஒன்று 'பெத்ருஷ்கா' என்ற ருஷ்யப் பெயரைப் பூண்டு, தெருக்களில் கீச்சுக்குரலில் பேசிச் சிரிப்பூட்டிற்று. நோன்புக்கு முந்திய வெண்ணெய் வாரத்தில் அரண்மனையாரும் கூலியாளும் ஒரே திடலில் நின்று இவற்றைக் கண்டு களித்தனர்.

அந்தப் பீட்டர்ஸ்பர்க் நகரில் 1885ஆம் ஆண்டு தமாரா கர்சாவினா பிறந்தார். தந்தை பிளாட்டன் கர்சாவின் அரச நடன அரங்கில் ஆடியவர். மேடை வாழ்வின் பொறாமையும் சூழ்ச்சியும் அறிந்திருந்தமையால், மகள் அத்தொழிலுக்கு வருவதை அவர் விரும்பவில்லை. தாயோ, முன்னாள் நடனப் பெண்மணி ஒருவரிடம் கணவர் அறியாமல் மகளைப் பயிற்சிக்கு அனுப்பினார். உண்மை வெளியானபின் தந்தையே ஆசிரியரானார்; மகளென்று சலுகை காட்டாத ஆசிரியர். 1894இல் அரச நடனப் பள்ளியில் சேர்ந்து, 1902இல் மாரின்ஸ்கி அரங்கில் அவர் இடம் பெற்றார்.

அங்கே நடனக் கலைஞர்கள் ஜார் மன்னரின் ஊழியர். கட்டளைக்கு ஆடுவதே கடமை. 1905இல் நாடெங்கும் கிளர்ச்சி எழுந்தபோது நடனக் கலைஞரும் கூடித் தங்கள் கலைக்குரிய பொறுப்பிலே தங்களுக்கும் பங்கு வேண்டும் என்று கேட்டனர். அவர்கள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளுள் பாவ்லோவாவும், நடன ஆசிரியர் போக்கினும், இருபதே வயதான கர்சாவினாவும் இருந்தனர். அரங்கத் தலைமை பணிவு உறுதிமொழித் தாளில் கையெழுத்துக் கேட்டது. மனம் உடைந்து கையெழுத்திட்ட செர்கேய் லெகாத் என்னும் சிறந்த நடனக் கலைஞர், சில நாளில் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். ஆட்டுவிப்பவர் ஆட்டும்படி ஆடும் பாவையா கலைஞர் என்ற கேள்வி, கர்சாவினாவுக்கு இவ்வாறு இளமையிலேயே எழுந்துவிட்டது.

இனி அவர் தாங்கிய மூன்று வேடங்களைக் காண்போம்.

முதலாவது கொலம்பைன். ஜெர்மானிய இசைமேதை ஷூமான் 1834-35இல் இயற்றிய 'கார்னவல்' என்னும் பியானோ இசைக்கு 1910இல் போக்கின் நடனம் அமைத்தார். பீட்டர்ஸ்பர்க்கில் அது முதன்முறை ஆடப்பட்டபோது கொலம்பைன் கர்சாவினா. வெண்ணிற நீள்சட்டைக்காரனான துயரக் கோமாளி பியெரோவாக ஆடியவர், பின்னாளில் உலகப் புகழ் பெற்ற நாடக இயக்குநர் மெயர்ஹோல்டு. அதில் ஹார்லெக்வின் தன் இதயத்தையே எடுத்துக் கொலம்பைனின் காலடியில் வைப்பதாக அபிநயிப்பான். பாண்டலோனே அவளை நாடி வந்து ஏமாறுவான். முடிவில் காதலர் இருவரும் பியெரோவின் நீண்ட கைகளைக் கொண்டே அவனையும் பாண்டலோனேயையும் ஒன்றாகக் கட்டிவிடுவர். சிறு விளையாட்டே, ஆயினும் நானூறு ஆண்டு நாடகத்தின் சாரம் முழுவதும் அதில் அடங்கிவிட்டது. எளியவள் வலியவனைச் சிரித்துக்கொண்டே வெல்கிறாள். அரங்கத் தலைமையை எதிர்த்து நின்ற ஐந்து ஆண்டுக்குள் கர்சாவினா அவ்வேடம் பூண்டார் என்பதை எண்ணிப் பார்த்தால், அச்சிரிப்பின் பொருள் இன்னும் விளங்கும்.

இரண்டாவது வேடம் இதற்கு நேர்மாறானது. 1911ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் நாள், பாரிஸ் நகரில், தியாகிலெவ் நடத்திய ருஷ்ய நடனக் குழுவினர் 'பெத்ருஷ்கா'வை அரங்கேற்றினர். இசை ஸ்டிராவின்ஸ்கி, நடன அமைப்பு போக்கின், காட்சியமைப்பு பெனுவா. வெண்ணெய் வாரச் சந்தையில் ஒரு மாயவித்தைக்காரன் குழல் ஊதி மூன்று பாவைகளுக்கு உயிர் தருகிறான். பெத்ருஷ்காவுக்கு மனம் என்ற ஒன்று முளைத்துவிடுகிறது. ஆகவே அவன் துன்புறுகிறான். அவன் காதலிக்கும் நடனப் பாவைக்கோ மனம் முளைக்கவில்லை. கன்னத்தில் செவ்வட்டம் தீட்டிய முகத்தோடு, கையில் சிற்றூதுகுழலோடு, அவள் மூர்ப் பாவையின் பின்னே போகிறாள். மூர் தன் வாளால் பெத்ருஷ்காவை வெட்டி வீழ்த்துகிறான். வெறும் மரத்தூள் பொம்மை என்று வித்தைக்காரன் கூட்டத்தாருக்குக் காட்டி அதை இழுத்துச் செல்லும்போது, கொட்டகையின் உச்சியில் பெத்ருஷ்காவின் ஆவி எழுந்து கைவீசுகிறது.

பெத்ருஷ்காவாக ஆடியவர் நிஜின்ஸ்கி. பாவைப் பெண்ணாக ஆடியவர் கர்சாவினா. கொலம்பைனின் அறிவையும் குறும்பையும் எடுத்துவிட்டு ஆடையை மட்டும் வைத்தால் எஞ்சுவதே இப்பாவை. முகத்தில் உணர்ச்சி காட்டுவது எளிது. முகத்தை மரமாக்கி, ஒவ்வோர் அசைவையும் பொறியின் அசைவாக்கி, ஆயினும் அவையோர் கண்ணை ஈர்ப்பதற்கு எத்துணைப் பயிற்சி வேண்டும்! தன்னை முழுதும் ஆளத் தெரிந்தவரே பிறரால் ஆளப்படும் பாவையாக நடிக்கவியலும்.

மூன்றாவது வேடத்திற்குமுன் ஓர் உலகப் போரும் ஒரு புரட்சியும் வந்து போயின. 1917இல் மன்னராட்சி வீழ்ந்தபின் மாரின்ஸ்கி கலைஞர் குழுவுக்குக் கர்சாவினா தலைமை தாங்கினார். 1918இல், பிரித்தானியத் தூதரகத்தில் பணியாற்றிய கணவர் ஹென்றி புரூஸுடனும் கைக்குழந்தையுடனும் வடகடல் வழியாக நாட்டைவிட்டு வெளியேறினார். பீட்டர்ஸ்பர்க் மேடைக்கு அவர் மீளவில்லை. அவருடைய தமையனார் லெவ் கர்சாவின் சிறந்த மெய்யியலறிஞர். 1922இல் நாடுகடத்தப்பட்டு லித்துவேனியாவில் பேராசிரியராக இருந்த அவர், பின்னர் சோவியத் அரசால் சிறைப்பட்டு 1952இல் முகாமிலேயே இறந்தார்.

1920ஆம் ஆண்டு மே 15ஆம் நாள் பாரிஸ் ஆபரா அரங்கில் 'புல்சினெல்லா' ஆடப்பட்டது. பழைய நேப்பிள்ஸ் இசையைத் தழுவி ஸ்டிராவின்ஸ்கி இசை தந்தார். ஓவியர் பிக்காசோ நிலவொளியில் ஒரு தெருவையும் அதன் அப்பால் வெசூவியஸ் மலையையும் தீட்டித் தந்தார். நடன அமைப்பாளர் மஸீன் தாமே புல்சினெல்லாவாக ஆடினார். அவன் காதலி பிம்பினெல்லாவாகக் கர்சாவினா தோன்றினார். பொய்ச் சாவும் ஆள்மாறாட்டமும் நிறைந்த அக்கதை, எல்லாரும் இணைசேரத் திருமணத்தில் முடியும். நாட்டை இழந்த பெண்ணுக்கு நானூறு ஆண்டு நாடகம் புகலிடம் தந்தது. குதிரை ஒன்றை வாங்கிக்கொண்டு ஊரூராகச் சென்ற நடிகரின் பாத்திரங்கள் அல்லவா அவை? ஊரற்றோர்க்கு அவை உறவாயிருத்தல் இயல்பே.

எல்லாக் கலைஞர்க்கும் இவ்வாறு வாய்க்கவில்லை. நிஜின்ஸ்கி 1919ஆம் ஆண்டுக்குப் பின் மனநோயுற்று மேடைக்கு வரவேயில்லை. 1928ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் தியாகிலெவ் அவரைப் பாரிஸ் ஆபராவுக்கு அழைத்து வந்தார். அன்று ஆடப்பட்டது பெத்ருஷ்கா. பழைய இசையைக் கேட்டால் மறைந்த நினைவு மீளும் என்று ஓர் ஆசை. லிஃபார் என்னும் இளைஞரும் அதில் ஆடினார். பாவைப் பெண்ணாக, நாற்பத்து மூன்று வயதில், அதே கர்சாவினா. மேடையில் எடுத்த புகைப்படம் இன்றும் உள்ளது. பாவை உடையணிந்த கர்சாவினாவின் பக்கத்தில் நிஜின்ஸ்கி நிற்கிறார். முகத்தில் ஒரு புன்னகை. அது யாரை நோக்கியது என்று சொல்ல இயலாது. நினைவு மீளவில்லை. கதையில் பாவைப் பெண் பெத்ருஷ்காவைத் திரும்பிப் பாராது போனாள். மேடையில் அப்பாவையாக நின்ற பெண்மணியோ பழைய துணைவரின் பக்கத்தில் நின்றார். பாத்திரம் வேறு, மனிதர் வேறு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

நிஜின்ஸ்கியைப் பெத்ருஷ்காவோடு ஒப்பிட்டுப் பேசுவோர் பலர். துன்புற்ற மனிதர் ஒருவரை அவர் தாங்கிய வேடத்திற்குள் அடைப்பது நியாயமன்று. நிலைப்பாத்திரம் கலைஞரின் கையிலுள்ள கருவி. கலைஞரை அளக்கும் கோல் அன்று. கர்சாவினாவின் வாழ்வையே எடுத்துக்கொள்வோம். அவர் கொலம்பைன் எனலாமா? பாவை எனலாமா? மூன்று வேடங்களும் அவரிடம் வந்து தங்கின; ஒன்றும் அவரைச் சிறைகொள்ளவில்லை. தம் வாழ்வைத் தாமே எழுதியும் வைத்தார். அவர் பயின்ற பள்ளியிருந்த தெருவின் பெயரைத் தாங்கிய 'தியேட்டர் ஸ்டிரீட்' என்னும் அந்நூல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. அதைப் படிப்போர், ஆடத் தெரிந்தவர்க்கு எழுதவும் தெரிந்திருந்தது என்று மகிழ்வர்.

ஆசிரியத் தொழிலிலேயே வாழ்நாளைக் கழித்தவன் ஆதலின், அவர் வாழ்வில் என்னை மிகவும் கவர்ந்தது அதன் பிற்பகுதியாகும். லண்டனில் குடியேறிய கர்சாவினா, தாம் கற்றவற்றை இளையோர்க்குக் கற்பிக்கலானார். 1910இல் தாம் முதன்முதல் ஆடிய 'தீப்பறவை' வேடத்தை 1954இல் மார்கோ ஃபான்டேனுக்கு அசைவு அசைவாகச் சொல்லித் தந்தார். 1960ஆம் ஆண்டு ஜனவரி 28ஆம் நாள், நடன அமைப்பாளர் பிரெடரிக் ஆஷ்டன் 'லா ஃபீல் மால் கார்தே' என்னும் பழைய பிரெஞ்சுக் கதையைப் புதிதாக அமைத்து லண்டனில் அரங்கேற்றினார். பணக்கார அசட்டுப் பிள்ளைக்கு மகளை மணமுடிக்க எண்ணும் தாய். தான் விரும்பியவனையே கைப்பிடிக்கும் அறிவுள்ள பெண். இத்தாலியக் கதையின் சாயல் இதில் தெரிகின்றதன்றோ? அதில் ஓர் இடம். பூட்டிய வீட்டில் தனியே இருப்பதாக எண்ணும் பெண், தான் மணமாகிப் பிள்ளைகள் பெற்று வளர்க்கப்போவதை அபிநயத்தால் கனவு காண்கிறாள். பழைய பீட்டர்ஸ்பர்க் மேடையில் வழங்கிய அவ்வபிநயம் எந்த ஏட்டிலிருந்தும் எடுக்கப்பட்டதன்று. எழுபத்து நான்கு வயதான கர்சாவினாவின் நினைவிலிருந்தும் விரல்களிலிருந்தும் ஆஷ்டனுக்குக் கிடைத்தது. அந்நடனம் ஆடப்படும் அரங்குகளில் அவ்வபிநயமும் இன்றுவரை வாழ்கின்றது. அதைத் தந்தவர் 1978இல் மறைந்தார்.

மாணவ நண்பர்களே, வரலாறு என்றால் மன்னரும் போரும் ஒப்பந்தமும் என்று எண்ணுகிறோம். எட்டு நடிகர் எழுதிய ஓர் ஒப்பந்தமும் வரலாறுதான். மன்னன் துரத்தியும் புரட்சி சிதறடித்தும் அழியாது நின்ற ஒரு வேலைக்காரப் பெண்ணின் சிரிப்பும் வரலாறுதான். மரபு என்பது முன்னோர் தைத்து வைத்த உடை. அதை அணியாமலே வெறுப்பவர்க்கும், அதற்குள்ளேயே புதைந்து போகிறவர்க்கும் அதன் பயன் கிட்டாது. அணிந்து, தம் உயிரால் அதை அசைத்து, கிழியாமல் அடுத்தவர் கையில் கொடுத்துச் செல்பவரே அதற்கு உரியவர். அவ்வகையில் உரிமை பெற்றவர் தமாரா கர்சாவினா. நீங்கள் எக்கலையைப் பயின்றாலும், எத்தொழிலை மேற்கொண்டாலும், பெற்றதை வளர்த்துக் கொடுத்துச் செல்லும் அக்கடமை உங்களுக்கும் உண்டு.